டின்பாலும் தாயின் குற்றமும்: 1939ஆம் ஆண்டு உரை ஒன்றை வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து படித்தல்

மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய ‘பாலும் கொலையும்’ என்னும் உரையைக் குழந்தை உணவு நிறுவனங்களுக்கு எதிரான தொடக்ககாலக் குற்றப்பத்திரிகையாகவே இதுவரை படித்து வந்திருக்கிறோம். 1986இல் பினாங்கிலிருந்து சிறு நூலாக மறுபதிப்புக் கண்டபின் இந்தப் பார்வை இன்னும் இறுகியது. இதன்படி, சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலை விற்றவர் குற்றவாளி. அதை வாங்கிய தாய் ஏமாந்தவள். மலாயாத் தாய்மாரைப் பற்றி எழுதிய ஒரு சாரார் இந்த விடுவிப்பைத் தோட்டத் தமிழ்த் தாய்க்கும் நீட்டியிருக்கிறார்கள். குழந்தைச் சாவுக்கு அவளுடைய அறியாமையைக் காரணம் காட்டிய காலனிய அறிக்கைகளின் பழியை இவ்வுரை துடைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். பழி துடைக்கப்படவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அத்துடன் அந்தத் தாயின் கழிவிரக்கத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

உரையின் முடிவுரைதான் பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தை ராஜத்துரோகத்தின் மிகக் கொடிய வகையாக எண்ணித் தண்டிக்க வேண்டும், அச்சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்கிறார் வில்லியம்ஸ். இது நிறுவனங்களைச் சுட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே உரையில் இன்னொரு வாக்கியமும் உண்டு. அறியாமையாலோ அசட்டையாலோ ஒரு குழந்தைக்குப் பொருந்தாத பால் ஊட்டப்படக் காரணமாகும் எவரும் அதன் சாவுக்குக் குற்றவாளியாகலாம் என்பது அதன் கருத்து. மற்றவர்கள் இதை வேகமாகக் கடந்து போகிறார்கள். நான் இங்கே நிற்க விரும்புகிறேன். விடியுமுன் டின்னைத் திறந்து பாலைக் கரைத்து வைத்துவிட்டுப் போகும் தாயையும், பகலில் அதைப் புகட்டும் ஆயாவையும் இதிலிருந்து விலக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. சட்ட நுணுக்கம் பார்ப்பவர்கள் தலைப்பைச் சற்றுத் தணித்து, கொலை நோக்கமற்ற மரணம் விளைத்தல் என்று மாற்றச் சொல்லக்கூடும் என்றும் அவரே குறிப்பிடுகிறார். மேடைச் சாமர்த்தியம் என்று இதைத் தள்ளிவிடலாம். பலர் அப்படித்தான் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் கொல்லும் எண்ணமில்லை, காரணம் மட்டும் தன் கையில் என்னும் ஒரு வகையை உரை இங்கே தானாகவே முன்வைக்கிறது. நிறுவனத்துக்கு அந்த வகை பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன்னைத் தானே விசாரிக்கும்போது நிற்கும் கூண்டு அதுதான்.

ஏமாந்தவளுக்குத் துயரம் இருக்கலாம், கழிவிரக்கம் இருக்க முடியாது. ‘வேறு மாதிரிச் செய்திருக்கலாமே’ என்று நினைக்க, செய்தது நான் என்ற நினைப்பு முதலில் வேண்டும். தாயை முழுக்க ஏமாளியாக்கும் ஆய்வு அந்த நினைப்பையே பறித்துவிடுகிறது. அறியாமை என்று எழுதிய துரைமாரின் அறிக்கையும் இதைத்தான் செய்தது, வேறு குரலில்.

கோலா குபு பாருவைச் சுற்றியுள்ள கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும். 1926 வெள்ளத்துக்குப் பிறகு நகரத் திட்டமிடலாளர் சார்ல்ஸ் ரீட்டின் திட்டப்படி மேட்டு நிலத்தில் பூங்கா நகரமாக எழுந்தது அந்த ஊர். ஒரு நகரத்தையே இடம்பெயர்த்துத் தெருவும் திடலும் அளந்து வைக்கத் தெரிந்த அரசு, சில மைல் தொலைவில் ரப்பர்ப் பால் வெட்டும் பெண்ணின் காலைப்பொழுதைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டுவைத்தது. ரப்பர் மரம் விடியலில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். அதனால் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு இருட்டிலேயே நடந்தது. வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்ததை வாளியில் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பு லயத்துக்குத் திரும்ப உச்சிப்பொழுதாகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பேறுகாலப் படிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் தந்தது உண்மை. ஆயாக் கொட்டகை வந்தது. முலைப்பால் அங்கே வர வழியில்லை. 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் இறங்கியது. டின்னில் ஒட்டிய படம் அவளை மயக்கியது என்பதைவிட, பெரட்டு மணி அவளை எழுப்பியது என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அப்படியென்றால் அவள் செய்தது கட்டாயத்தால்தானே, கழிவிரக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இது ஒன்றே. கட்டாயம் தேர்வைக் குறுக்கும், அழிப்பதில்லை. கைக்குழந்தையைத் தான் வெட்டும் மர நிரைக்குத் தூக்கிப் போய் இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டுவதா, கொசுவுக்கும் மழைக்கும் அஞ்சி ஆயாவிடம் விடுவதா, மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்துவதா, காய்ச்சல் கண்ட நாளில் வேலைக்குப் பேர் போடாமல் இருந்துவிடுவதா? ஒவ்வொரு விடியலிலும் இவற்றில் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். எதைத் தீர்மானித்தாலும் ஒரு பிள்ளைக்கு இழப்பு. லயத்தின் ஒற்றைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கும், மருந்துக் கொட்டகையில் இருக்கும் டிரெஸருக்கும், ஊரிலிருந்து வந்த மாமியாருக்கும் அந்தத் தீர்மானம் தெரிந்துவிடும். முன்பின் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்லும் மன்றம் அது. லயத்துக்கு வெளியே, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவதும் பிள்ளைகளுக்குக் கல்வியும் இடம்பெற்றன. மானத்தின் பெயரால் பெண்ணுக்காகப் பேச ஆளிருந்தது. அவளுடைய காலைப்பொழுதுக்காகப் பேசுவது வேறு காரியம்.

வில்லியம்ஸ் பேசியது நகரத் தாய்மாரைப் பற்றி, தோட்டத்தைப் பற்றியல்ல என்பார்கள். விடுவிப்பைத் தோட்டத்துக்கு நீட்டியவர்களுக்கு அந்தத் தடை அப்போது நினைவில் இல்லை. கழிவிரக்கம் என்பதே இன்றைய நடுத்தர வர்க்கத்துச் சரக்கு என்ற மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ‘பெத்த வயித்துல பெரண்டையைக் கட்டிக்கணும்’ என்று சொல்லப் பழகிய சமூகத்துக்கு இதை எவரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சமூகவியலாளர் ஓர்னா டோனாத் 2015இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஓரளவு உதவுகிறது. இஸ்ரேலில் 23 தாய்மாரிடம் பேசிய அவர், பிள்ளைமீது உள்ள அன்பும் தாயானதைப் பற்றிய வருத்தமும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்று காட்டினார். இன்றைய அறிவோடு பின்னே போனால் மீண்டும் தாயாவீர்களா என்பது அவர் கேள்வி. தோட்டத்துக்கு அந்தக் கேள்வி அப்படியே செல்லாது. தாயாகாமல் இருப்பது அங்கே கைக்கெட்டிய வழியாக இருந்ததில்லை. இரங்குவதற்கு மிஞ்சியது இடமும் நேரமும்: இங்கே வந்து பெற்றேனே, அன்றைக்குப் போய்த் தொலைத்தேனே.

அந்த இரக்கம் வெளிப்படச் சடங்கும் குறைவு. கைக்குழந்தை இறந்தால் புதைப்பதே வழக்கம். பெரியவர்களுக்கு நடக்கும் நாள் கணக்கும் காரியங்களும் இல்லை. கூடி அழும் ஒப்பாரிக்கும் அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. பாடப்படாத அந்த ஒப்பாரி, அடுத்த பிள்ளையின் தூளியருகே தாலாட்டுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இது சரியானால், தோட்டத் தாலாட்டுகளைத் தாய்ப்பாசம், கங்காணிக் கொடுமை என்று இரண்டே தலைப்பில் பிரித்துவைக்கும் இன்றைய பகுப்பு நிற்காது. எந்தத் தாலாட்டு தலைச்சன் பிள்ளைக்கு, எது ஒரு சாவுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு என்று பிரித்துவைத்துப் படிக்கும் வேலை அதற்குமுன் நடக்க வேண்டும்; பாடியவர்களின் மகள்கள் இருக்கும்போதே நடக்க வேண்டும்.