கறுப்புச் சதுரம் போன வழி

கசிமிர் மலேவிச்சின் ‘கறுப்புச் சதுர’த்தை அச்சில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அதன் முகம் முழுக்க விரிசல் என்பது தெரிந்திருக்காது. புத்தகத்தில் அது வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கும் அசலோ 79.5 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு துணி. நூறு ஆண்டு கடந்த எண்ணெய்ச் சாயம் அதில் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புகளுக்குள் உற்றுப் பார்த்தால் கறுப்புக்குச் சம்பந்தமே இல்லாத நிறங்கள் தெரியும். பக்கங்களும் சட்டத்துக்கு நேராக இல்லை, கொஞ்சம் கோணல்தான்.

மலேவிச்சின் வாழ்க்கையைப் பற்றி அருங்காட்சியகங்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கொள்கையிலிருந்து தொடங்குவார்கள். ஓவியத்தின் பூஜ்யம், உருவங்களிலிருந்து விடுதலை, தூய உணர்வின் ஆட்சி. எல்லாம் அவரே எழுதியவைதான், தவறில்லை. ஆனால் அப்படித் தொடங்கும்போது ஒரு மனிதனும் ஒரு துணியும் பட்ட பாடு பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தத் துணி எங்கெல்லாம் போனது, எங்கெல்லாம் போக முடியாமல் நின்றது என்று சொன்னாலே மலேவிச்சின் வாழ்க்கை பாதி சொல்லப்பட்டுவிடும் என்பது என் எண்ணம்.

அவர் 1879-இல் கீவில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தைக்குச் சர்க்கரை ஆலைகளில் வேலை. அதனால் குடும்பம் உக்ரைனில் பீட்ரூட் விளையும் ஊர்களுக்கிடையே மாறிக்கொண்டே இருந்தது. குடியானவர்கள் தங்கள் வீட்டுச் சுவர்களிலும் அடுப்புகளிலும் வரைந்த கோலங்களே தனக்கு முதல் பாடம் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கூர்ஸ்க் நகரில் ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை, பிறகு மாஸ்கோ. பாரிஸிலிருந்து வந்த ஒவ்வொரு புதுப்பாணியையும் வரிசையாகப் பழகிப் பார்த்தார்.

சதுரத்தின் விதை ஒரு நாடக மேடையில் விழுந்தது. 1913 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கின் லூனா பார்க் அரங்கில் ‘சூரியன்மீது வெற்றி’ என்ற இசை நாடகம் நடந்தது. குருச்யோனிக் எழுத்து, மத்யூஷின் இசை. மேடையும் உடைகளும் மலேவிச். சூரியனைப் பிடித்து அடைத்துவிடும் கதை அது. அதன் பின்திரைகளில் ஒன்றுக்காக அவர் போட்ட வரைவில் ஒரு சதுரம், குறுக்காக வெட்டுப்பட்டு ஒரு பாதி கறுப்பாக நிற்கிறது. இந்த வரைவை வைத்துத்தான் ‘கறுப்புச் சதுர’மும் 1913-இல் பிறந்தது என்று அவர் கடைசிவரை சாதித்தார். இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் ஆண்டு 1915.

அந்த 1915-இல் அவர் பெரும் அவசரத்தில் இருந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. தன் புதிய படங்களை யாரும் பார்த்துவிடக் கூடாது, தனக்கு முன்னால் வேறொருவர் இதைச் செய்துவிடக் கூடாது என்ற பதற்றம். நண்பர் இவான் பூனி பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டபின், புது முறைக்குச் ‘சுப்ரமாட்டிசம்’ என்று பெயர் வைத்து, ஒரு சிறு நூலையும் விரைந்து அச்சேற்ற ஏற்பாடு செய்தார். சதுரத்தை வரையப் புதுத் துணி எடுக்கவில்லை. ஏற்கெனவே நிறங்களால் நிரம்பிய ஒரு படத்தின்மீதே, அடியிலிருந்த சாயம் முழுதாகக் காயும் முன்பே, கறுப்பை இழுத்தார். அடிச்சாயமும் மேற்சாயமும் வெவ்வேறு வேகத்தில் உலர்ந்து சுருங்கும்போது மேல்படலம் பிளப்பது இயல்பு. இன்று நாம் பார்க்கும் விரிசல்களுக்கு இதுவே முக்கியக் காரணம். ஓவியத்தின் முடிவு என்று அறிவிக்கப்பட்ட படத்தில், பொறுக்க முடியாத ஒரு முப்பத்தாறு வயதுக்காரரின் கை அப்படியே பதிந்திருக்கிறது. என்னை இந்தப் படத்தின் பக்கம் திரும்பத் திரும்ப இழுப்பது இதுதான்.

துணியின் முதல் பயணம் பெத்ரோகிராதுக்கு; பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர் அது. 1915 டிசம்பர் 19 அன்று, மார்ஸ் திடலை ஒட்டிய தோபிச்சினாவின் கலைக்கூடத்தில் ‘0.10’ என்ற கண்காட்சி தொடங்கியது. பட்டியலில் 39-ஆம் எண். ‘நாற்கோணம்’ என்பதே அங்கே அதற்குப் பெயர். அதை மாட்டிய இடம்தான் பெரிய துணிச்சல். ரஷ்ய வீடுகளில் அறையின் ஒரு மூலையில், கூரையை ஒட்டி, புனிதர்களின் படத்தை வைப்பார்கள். நம் வீட்டுச் சாமி மாடம்போல, உள்ளே வருகிறவர் கண் முதலில் போகும் இடம். சதுரம் அந்த மூலையில் ஏறியது. மற்றப் படங்கள் சுவரெங்கும் கீழே பரவின. அந்த அறையின் புகைப்படம் ஒன்று எஞ்சியிருக்கிறது: படங்களுக்கு நடுவே வெறும் நாற்காலி ஒன்று, மேலே மூலையில் கறுப்பு. விமர்சகர் அலெக்சாந்தர் பெனுவாவுக்கு அந்த மூலையின் பொருள் உடனே விளங்கியது. கடவுள் இருந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள் என்று கொதித்து எழுதினார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அன்று அந்தப் படத்தைச் சரியாகப் படித்தவர்களில் அவரும் ஒருவர் என்றே சொல்வேன்.

புரட்சிக்குப் பின் சதுரம் துணியைவிட்டு வெளியே நடந்தது. 1919-இல் மலேவிச் வித்தெப்ஸ்க் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். பள்ளியைத் தொடங்கிய மார்க் ஷகால் மாணவர்களை அவரிடம் இழந்து ஊரைவிட்டே வெளியேறினார். மலேவிச்சைச் சுற்றி உருவான ‘உனோவிஸ்’ குழுவினர் சட்டைக் கையில் சிறு கறுப்புச் சதுரத்தைத் தைத்துக்கொண்டார்கள். எல் லிசிட்ஸ்கி அதைக் குழந்தைகளுக்கான புத்தகத்துக்குள்ளும் கொண்டுபோனார்.

அசலோ சீக்கிரமே நோயாளியாகிவிட்டது. 1924 வெனிஸ் கண்காட்சியை ஒட்டி, வட்டமும் சிலுவையும் சேர்ந்த வரிசையில் இன்னும் பெரிய சதுரம் ஒன்று உருவானது. அதற்கு மாணவர்களும் கைகொடுத்தார்கள். இன்று அது பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில். 1929-இல் த்ரெத்யாகோவில் மலேவிச்சின் தனிக் கண்காட்சி நடந்தபோது முதல் சதுரம் வெடித்து மோசமாக இருந்ததால், ஏறக்குறைய அதே அளவில் மூன்றாவது ஒன்றை அவரே வரைந்து கொடுத்தார்.

இடையில் ஒரு பெரும் பயணம் நடந்தது; அதில் சதுரம் சேரவில்லை. 1927-இல் மலேவிச் எழுபதளவு படங்களுடன் வார்சா போய், அங்கிருந்து பெர்லின் போனார். பெர்லின் பெருங்கண்காட்சியில் படங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நாடு திரும்பும்படி உத்தரவு வந்தது. படங்களைக் கட்டடக் கலைஞர் ஹூகோ ஹேரிங் முதலான நண்பர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். மறுபடி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வரவே முடியவில்லை. அந்தப் படங்கள் பிறகு ஹனோவர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் நாஜிகளின் கண்ணுக்குத் தப்பிக் கிடந்தன. 1935-இல் அங்கே வந்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியக இயக்குநர் ஆல்பிரட் பார், இரண்டை ஒரு குடைக்குள் சுருட்டி எல்லை கடத்தினார். எஞ்சியவற்றைப் போர் முழுக்க ஹேரிங் காத்தார். 1958-இல் அவை ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. வாரிசுகள் வழக்காடி, 2008-இல் ஐந்து படங்களைத் திரும்பப் பெற்றார்கள்.

தப்பிப் போனவை உலகப் புகழ் பெற்றன. வீட்டிலிருந்த சதுரம் இருட்டுக்குப் போனது. 1930-இல் மலேவிச்சைக் கைது செய்து விசாரித்தார்கள். உருவமற்ற ஓவியத்துக்கு சோவியத் நாட்டில் இடமில்லாமல் போயிற்று. அவரும் மனித முகங்களை வரையத் திரும்பினார். ஆனால் 1933-இல் பழைய இத்தாலியப் பாணி உடையில் தன்னையே வரைந்த படத்தில், கையெழுத்துக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம் வைத்தார். பணிந்தார் என்று எழுதுகிறவர்கள் அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

1935 மே 15 அன்று, லெனின்கிராது என்று மறுபடி பெயர் மாறியிருந்த அதே பீட்டர்ஸ்பர்க்கில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. கிடத்தியிருந்த உடலுக்கு மேலே சுவரில் ஒரு கறுப்புச் சதுரம் தொங்கியது. சவப்பெட்டியை மாணவர் சுயேதின் வடிவமைத்தார். ஊர்வல வண்டியின் முகப்பிலும் சதுரம். மாஸ்கோவில் எரியூட்டி, நெம்சினோவ்காவில் அவர் விரும்பிய ஓக் மரத்தடியில் சாம்பலைப் புதைத்தார்கள்; மேலே வெள்ளைக் கனசதுரம், அதன் முகத்தில் கறுப்புச் சதுரம். போரில் அந்த அடையாளம் அழிந்தது. பின்னாளில் அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது.

துணி மட்டும் த்ரெத்யாகோவின் கிடங்கில் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1980-கள் வரை பொதுமக்கள் அதைப் பார்க்க வழியில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் நான்காவது சதுரம் ஒன்று, எல்லாவற்றிலும் சிறியது, சமாரா நகரில் இன்கோம்பாங்க் என்ற வங்கியின் கைக்கு வந்தது. 1998 நிதி நெருக்கடியில் வங்கி கவிழ, கடன்காரர்களுக்காக அதன் சொத்துகளை ஏலம் விட்டபோது சதுரமும் பட்டியலில் நின்றது. அரசு தலையிட்டு அதைப் பொது ஏலத்திலிருந்து எடுத்தது. 2002-இல் தொழிலதிபர் விளாதிமிர் பொதானின் சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க, அது ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

2015-இல், பிறந்து நூறு ஆண்டான அசலை த்ரெத்யாகோவ் ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். கறுப்புக்கு அடியில் ஒரு படம் உண்டு என்பது முன்பே தெரியும். இப்போது தெரிந்தவை இரண்டு. அடியில் கியூபிசச் சாயல் கொண்ட ஒன்று, அதன்மேல் சுப்ரமாட்டிசத்தை நெருங்கும் இன்னொன்று. வெள்ளை விளிம்பில் பென்சிலால் எழுதிய சில சொற்களும் கிடைத்தன. முழுக்கக் கறுப்பான படத்தை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் செய்த ஒரு கேலியை அவை குறிக்கின்றன என்று அவர்கள் படித்தார்கள். எழுதியது மலேவிச்சின் கையே இல்லை என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். பத்திரிகைகள் அந்தக் கேலியின் பின்னாலேயே ஓடின. எனக்கோ அந்த இரண்டு அடுக்குகளே பெரிய செய்தி: மூன்று ஆண்டுகளில் அவர் கடந்த தூரம் முழுவதும் ஒரே துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது.

2014-இல் லண்டனின் டேட் மாடர்ன் மலேவிச்சுக்குப் பெரிய கண்காட்சி எடுத்தபோது, பிற்காலத்தில் வரைந்த சதுரங்களே அங்கே போயின. முதல் சதுரம் பயணத்தைத் தாங்காது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாஸ்கோவில் கிரிம்ஸ்கி வாலில் உள்ள புதிய த்ரெத்யாகோவ் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும்.