சுங்கை சிப்புட் தோட்டத்துரைகள் கொலை (1948)

பேராக், கோலா கங்சார் மாவட்டத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 16 ஜூன் 1948 அன்று ஆங்கிலேயத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு. எல்பில் தோட்ட ஆபீசுக்குக் காலையில் சைக்கிளில் வந்த சீன இளைஞர்கள், முகமன் கூறிவிட்டு அத்தோட்டத்தின் துரை ஆர்தர் வாக்கரைச் சுட்டனர். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் மேலாளர் ஜான் அல்லிசனும் உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் கட்டிவைத்துச் சுடப்பட்டனர். கிறிஸ்டியனுக்கு வயது 21.

ரப்பர்க் காட்டுக்குள் ஒற்றைப் பங்களாவில் வாழ்ந்த துரைமாருக்குப் பக்கத்தில் போலீஸ் கிடையாது. கொலைக்குப் பின் பங்களாக்களைச் சுற்றி முள்வேலியும் மணல்மூட்டையும் எழுந்தன. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், சேர்க்கப்பட்டனர். கொலை நடந்த அன்றே பேராக், ஜொகூரின் சில பகுதிகளிலும், இரண்டு நாளில் மலாயா முழுவதிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கொலைப் பழி மலாயா கம்யூனிஸ்ட் கட்சி மீது விழுந்தது; அதன் தலைவர் சின் பெங், இக்கொலைகளுக்குக் கட்சித் தலைமை உத்தரவிடவில்லை என்று பின்னாளில் கூறினார்.

வரலாற்று நூல்கள் சொல்வது கொல்லப்பட்ட இந்த மூவரின் பெயர்களைத்தான். கம்யூனிஸ்டுகளுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் நடுவில் சிக்கிய தமிழ்ப் பால்மரத் தொழிலாளர்களின் அச்சம் அவற்றில் அரிதாகவே பதிவாகியுள்ளது. இது பெரிய குறை. அவசரகாலம் 31 ஜூலை 1960இல் முடிவுற்றது. கொல்லப்பட்ட மூவரும் பத்து காஜாவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.