ஜூரோங்கில் தொடங்கிய பேரம்

1963 முதல் சிங்கப்பூரில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம்தான். பில் வந்தால் கட்டுவோம். பேரம் பேச இடமில்லை. 1995-இல் மின்சாரத்தைத் தனியே பிரித்தார்கள். 2001-இல் எரிசக்திச் சந்தை ஆணையம் அமைந்தது. பெரிய ஆலைகள் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்று ஆனதும் அந்த ஆண்டுதான்.

அப்போது நான் ஜூரோங்கில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மேலாளர் பல நிறுவனங்களிடம் விலை கேட்டு வாங்கினார். கேபிளையும் மாற்றுவார்கள் என்று எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு ஸ்குரூவைக்கூட யாரும் தொடவில்லை.

ஆலைக்குக் கிடைத்த உரிமை அடுக்குமாடி வீட்டுக்கு வரப் பதினேழு ஆண்டு ஆனது. 2003-இல் மின்சார மொத்த விற்பனைச் சந்தை தொடங்கியது. அங்கே அரை மணிக்கு ஒரு விலை. 2015-இல் மாதம் 2,000 யூனிட் எரிக்கும் கடைகள்வரை உரிமை இறங்கியது. 2018 ஏப்ரலில் சோதனையாக ஜூரோங்கில் ஏறக்குறைய 108,000 வீடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். இவ்வளவு நிதானம் தேவைதானா என்று அன்று எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன்.

“அண்ணே, கம்பெனி மாத்தினா கரண்டு அடிக்கடி போகுமா?” என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

“கம்பி எஸ்பி குழுமத்தோடது. மாறுறது பில்லு மட்டும்தாம்மா.”

பில் என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே இருந்தது வேறு வியாபாரம். மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் அந்தச் சந்தையில் அரை மணிக்கொரு விலையில் வாங்கி, வீடுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரே விலையில் விற்பது. நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் விற்றவர் பாடு. நிலையான விலை கேட்டவர்களுக்கு அந்த நிறுவனங்கள் உண்மையில் விற்றது அந்தப் பொறுப்பைத்தான். எரிவாயு மலிவாக இருந்தவரை அதில் லாபம் இருந்தது.

சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவில் உற்பத்தியாகிறது. 2021-இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது. இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து குழாயில் வருவதும் குறைந்தது. அக்டோபரில், இப்படி விற்றுவந்த ஐஸ்விட்ச் நிறுவனம் சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஓம் எனர்ஜி, பெஸ்ட் எலக்டிரிசிட்டி என்று வரிசையாகக் கிளம்பினார்கள். இவர்களில் யாருக்கும் சொந்த மின்நிலையம் கிடையாது. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்தின் காலாண்டுக் கட்டணத்துக்குத் திரும்பினார்கள். எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. சொந்த மின்நிலையம் உள்ள செனோக்கோ, துவாஸ் நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன. ஆனால் 2018-இல் கூவிக் கூவிக் கொடுத்த விலையை அதன் பிறகு யாரும் தரவில்லை.