ஊசித் தழும்பு

வெள்ளானூரில் எனக்குத் தெரிந்த கிழவி ஒருத்தி இருக்கிறாள். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேத்தியின் தோளில் இருந்த பி.ஸி.ஜி. தழும்பைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "சின்னப் புள்ளையில எனக்கும்தான் ஊசி குத்தினாங்க, தம்பி. தழும்பே விழல."

அந்த வார்த்தைக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

க்ஷயரோகத்தைத் தடுக்க வந்த இந்த ஊசியை 1955-ல் ராஜாஜி பகிரங்கமாக எதிர்த்தார். சர்க்கார் ஆதரித்தது. மருந்து கிண்டியிலேயே தயாராயிற்று. இரு தரப்பிலும் வாதத்துக்குக் குறைவில்லை, கணக்குத்தான் இல்லை. பிரிட்டனில் ஊசி நன்றாகப் பலித்திருந்தது. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்குமா?

1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிறரும் சேர்ந்து அந்தக் கணக்கைத் தொடங்கினார்கள். இடம், வெள்ளானூரும் அன்று சேர்ந்திருந்த செங்கற்பட்டு ஜில்லா. திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள். சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மருந்து; சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தெரிந்தால், பலிக்க வேண்டும் என்ற ஆசையே கணக்கைக் கெடுத்துவிடும் அல்லவா? பிறகு சளியையும் எக்ஸ்ரேயையும் சோதித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக நடந்தார்கள்.

1979-ல் முடிவு வந்தது. ஏழரை ஆண்டுக் கணக்கில், நுரையீரல் க்ஷயத்தை ஊசி தடுக்கவில்லை! ராஜாஜி அப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் முழு வெற்றி என்று கொண்டாடியிருக்க முடியாது. குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் க்ஷயத்தை இந்த ஊசி தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. அதனால்தான் பேத்தியின் தோளில் தழும்பு. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள சாதுவான கிருமிகள் முன்கூட்டியே உடலைப் பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் தெரியாமல் போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

இத்தனை பேர் உழைத்துக் கிடைத்த பதில் 'இல்லை' என்பது. அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊசி போட்டாயிற்று என்று ஓய்ந்திருந்தால், நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கும் வேலையல்லவா பின்தங்கியிருக்கும்?

கிழவிக்கு விழுந்தது ஒருவேளை வெறும் திரவமாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் கணக்கில் அவளைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. சொன்னேன். "அப்ப எனக்கு மருந்தே குடுக்கலையா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.