பீரங்கியின் துடைகோல்: ஒரு கைவினைக் கருவியின் வரலாறு

பீரங்கிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் நீளம், எடை, செய்வித்த மன்னர் ஆகியவற்றை விரித்துரைப்பர். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலைத் துடைத்த கோலைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அக்கோல் இன்றேல் பீரங்கி பகைவரினும் முன்னதாகத் தன்னை இயக்குவோரையே கொல்லும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியன ஏறத்தாழ 75:15:10 என்னும் அளவில் கலந்த கருமருந்து எரிந்ததும் முற்றும் வளியாகிவிடுவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மப்பொருளாகிறது என்பதை நோபிள், ஏபல் ஆகியோர் 1875இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, எஞ்சியது குழலினுள் படிந்து, ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். இதனினும் கொடியது, மருந்துப்பையின் துணித்துண்டு அடியில் கனன்று கிடப்பது. அதன்மேல் அடுத்த பையைத் திணிப்பதன் விளைவை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே முதலில் கோல்முனையிலுள்ள திருகுக்கம்பியால் துணித்துண்டை இழுத்தெடுப்பர். பின்னர், கம்பளியோடு கூடிய ஆட்டுத்தோல் போர்த்த மரத்தலையை நீரில் தோய்த்துக் குழலில் செலுத்திச் சுழற்றுவர். நீர் கனலை அவிக்கும். உப்புப் படிவையும் கரைக்கும். அவ்வேளையில் ஒருவர் தோலுறையிட்ட கட்டைவிரலால் தீத்துளையை அடைத்திருப்பார். காற்றோட்டம் கனலை மூட்டிவிடலாகாதன்றோ! தோலைச் செப்பாணிகளால் அறைவதன் காரணமும் இதுவே. செம்பு இரும்பில் உராய்ந்தால் பொறி எழாது.

மரத்தலை குழலின் விட்டத்திற்குப் பொருந்த அமைய வேண்டும். தளர்ந்தால் கனல் தப்பும். இறுகினால் கோல் சிக்கிக்கொள்ளும். கம்பளியோ தேயும், கருகும். புதுத்தோல் போர்த்தியே ஆகவேண்டும். அளவு பார்த்துக் கையால் செய்யும் இவ்வேலை இன்றும் மாறவில்லை. மேலைநாடுகளில் பழம்பீரங்கிகளை இயக்கிக் காட்டுவோருள் பலர் துடைகோலைத் தாமே செய்துகொள்கின்றனர்.

இடத்திற்கேற்பக் கோலும் மாறியது. 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் கப்பல்களில் மரக்கோலுக்கு மாற்றாக விறைத்த கயிற்றுக்கோலும் வழங்கியது. ஒருமுனையில் துடைதலை, மறுமுனையில் மருந்தை இடிக்கும் கட்டை. வளையக்கூடியதாதலின் கப்பற்சுவரின் துளைக்கு வெளியே உடலை நீட்டாமலே அதனைக் கையாளலாம். எதிரியின் குறியிலிருந்து மாலுமி தப்பியது இக்கயிற்றினால்தான்.

தஞ்சைப் பீரங்கி மேட்டிலுள்ள இரும்புப் பீரங்கி ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமுடையது. காய்ச்சி அடித்து இணைத்த அக்குழலின் வியப்பைப் பலரும் பேசியுள்ளனர். அதன் அடியை எட்டவும் அக்குழலின் நீளத்திற்குக் குறையாத கோலும், அதைத் தூக்கிச் செலுத்தப் பலருடைய கைகளும் வேண்டும். இரும்பு நின்றது, மரமும் தோலும் மக்கிப்போயின.