மணிச் சத்தம் எந்த வழியா வந்துச்சு?

1/ காது மந்தமா இருக்குன்னு வர்றவங்களுக்கு நாங்க ஒரு இசைக்கவையைத் தட்டி சோதனை செய்வோம். அரை நிமிஷ வேலைதான். ஆனா அதில் இருக்கிற கேள்வி 1640கள்லயே ஒரு பெரிய அறிஞரை ஏமாத்தின கேள்வி.

2/ ரோம் நகரம். காஸ்பரோ பெர்த்தி என்பவர் 10 மீட்டருக்கும் உயரமான குழாயில் தண்ணீர் நிரப்பி, அடிமுனையைத் தொட்டித் தண்ணிக்குள்ள திறந்துவிட்டார். தண்ணீர் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்னுடுச்சு. மேலே காலி இடம். அங்கே காற்று இருக்கா, இல்லையா?

3/ இயேசு சபை அறிஞர் கிர்ச்சர் யோசனை சொன்னார்: உள்ளே ஒரு மணியை வைப்போம். வெளியே இருந்து காந்தத்தால் சுத்தியலை அசைச்சு அடிச்சாங்க. சத்தம் நல்லாவே கேட்டுச்சு! "அப்போ அங்கே வெற்றிடமே இல்லை" என்று முடிவு கட்டி, 1650-ல் புத்தகத்திலும் எழுதிட்டார்.

4/ தப்பு எங்கே? ஒலி காற்றில் மட்டுமா போகும்? மணியைத் தாங்கின பிடிமானம் வழியாவும் வெளியே வரும். அந்த வழியை அவங்க அடைக்கலை.

5/ 1660-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட சோதனையைப் பாருங்க. கண்ணாடிக் கலத்துக்குள்ள ஒரு கைக்கடிகார அளவு கடிகாரத்தை வெறும் நூலில் தொங்கவிட்டார். ராபர்ட் ஹூக் உதவியோடு செஞ்ச பம்பால் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, டிக் டிக் சத்தம் தேய்ஞ்சு, கடைசியில் கேட்கவே இல்லை. முள் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. காற்றை உள்ளே விட்டதும் சத்தம் திரும்பிடுச்சு.

6/ காரணம் எளிது. அதிரும் பொருள் பக்கத்துக் காற்றை நெருக்கும், அது அடுத்ததை நெருக்கும். காற்று இடம் மாறிப் போறதில்லை. நெருக்கம்தான் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகுது. தள்ளிவிடக் காற்றே இல்லைன்னா, ஒலியும் இல்லை.

7/ 1855-ல் ஜெர்மன் மருத்துவர் ரின்னே இதே ரெண்டு வழிகளைக் காதில் ஒப்பிட்டார். இசைக்கவையைக் காதுக்குப் பின்னாடி எலும்பில் வைக்கணும். அங்கே கேட்கிறது நின்னதும் காதுக்கு முன்னாடி பிடிக்கணும். நல்ல காதுக்கு இன்னும் கேட்கும். கேட்கலைன்னா, பெரும்பாலும் காற்று வழியில்தான் ஏதோ தடை: அழுக்கு, சவ்வில் ஓட்டை, சவ்வுக்குப் பின்னாடி நீர்.

8/ கூப்பிட்டா திரும்பாத பிள்ளையை "கவனமே இல்லை"ன்னு திட்டுறோம். பல நேரம் அந்தச் சவ்வுக்குப் பின்னாடி நீர் கோத்திருக்கும். சரிசெய்யக்கூடியதுதான். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருமுறை காதைக் காட்டுங்க. வழி அடைச்சிருந்தா, பிள்ளை என்ன செய்யும்?