ஊர்க்காரர்களே நடத்தும் டிவி: ஒரு வாரத்தில் அதில் என்னதான் ஓடும்?

நகர மன்றக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தால், மூன்று மணி நேரத்தையும் வெட்டாமல் காட்டும் ஒளிவழியை நீங்கள் பார்த்ததுண்டா? கேமரா பிடிப்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். நிகழ்ச்சி படைப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். வணிக விளம்பரம் பொதுவாகக் கிடையாது.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'பப்ளிக் ஆக்சஸ்' தொலைக்காட்சி. நாம் சமூகத் தொலைக்காட்சி என்று சொல்லலாம். 'வெயின்ஸ் வேர்ல்ட்' (1992) படம் பார்த்திருந்தால் ஓரளவு புரியும். வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நண்பர்கள் நடத்துவார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்தது இந்த ஒளிவழிதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஊருக்கு ஊர் அட்டவணை மாறும். இருந்தாலும் சிறிய நகரம் ஒன்றின் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வாரத் தொடக்கத்தில் நகர மன்றக் கூட்டம், நேரலை. சாலை பழுதுபார்ப்பு, தண்ணீர்க் கட்டணம், புதுக் கட்டட அனுமதி என்று பேச்சு நீளும். நடுவில் பொதுமக்கள் பேசும் நேரம் வரும். யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடங்கள் பேசலாம். "எங்க தெருவுல விளக்கு எரியல" என்பதும் அங்கே பதிவாகும்.

வார நடுவில் பள்ளி வாரியக் கூட்டம். ஆசிரியர் சம்பளம், பள்ளிப் பேருந்து, எந்தப் பள்ளியை மூடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

மற்ற மாலைகளில் ஊர்க்காரர்கள் படைக்கும் நிகழ்ச்சிகள். சமையல், தோட்டக்கலை, மூத்தோருக்கான உடற்பயிற்சி, உள்ளூர் இசைக் குழு, குடியேறிய சமூகங்களின் தாய்மொழி நிகழ்ச்சி எனப் பலவும் வரும். வார இறுதியில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு. ஞாயிறு காலையில் வழிபாட்டுத் தலங்களின் ஒளிப்பதிவு.

மிச்ச நேரத்துக்கு என்ன செய்வார்கள்? அறிவிப்புப் பலகை ஓடும். இரத்த தான முகாம், நூலக நேரம், குப்பை எடுக்கும் நாள் எல்லாம் எழுத்தில் வந்து போகும். அதோடு மறு ஒளிபரப்பு. இரவு வேலைக்குப் போகிறவர் திங்கட்கிழமைக் கூட்டத்தை வியாழன் காலையில் பார்க்கலாம்.

போர் அடிக்குமே என்கிறீர்களா? அடிக்கும்தான். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நெடுஞ்சாலை வரப்போகிறது என்றால், அந்தக் கூட்டத்தைக் கண் இமைக்காமல் பார்ப்பீர்கள்.

இது எப்படித் தொடங்கியது?

1960களின் பிற்பகுதியில், தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய வீடியோ கருவியை சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படம் பிடிக்கப் பெரிய நிலையம் தேவையில்லை என்ற நிலை வந்தது.

அதே காலத்தில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே படமெடுத்துப் பேச உதவும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் பணியாற்றிய ஆவணப்பட இயக்குநர் ஜார்ஜ் ஸ்டோனி, 1971இல் ரெட் பர்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 'ஆல்டர்னேட் மீடியா சென்டர்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். பொதுமக்களுக்குக் கேமரா பயிற்சி கொடுப்பது அதன் வேலை. ஸ்டோனியை 'பப்ளிக் ஆக்சஸின் தந்தை' என்று அழைப்பார்கள். அதே 1971இல்தான் மன்ஹாட்டனில் கேபிள் டிவியில் பொதுமக்களுக்கான ஒளிவழிகள் வந்தன.

1972இல் எஃப்சிசி எனப்படும் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம், 100 பெரிய சந்தைகளில் கேபிள் நிறுவனங்கள் இத்தகைய ஒளிவழிகளை ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அந்த வகை விதியைப் போட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1984இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இன்றைக்கும் அடிப்படை அந்தச் சட்டம்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் முக்கியமான பேரம் இருக்கிறது. கேபிள் நிறுவனம் கம்பி இழுக்க ஊரின் சாலையைத் தோண்ட வேண்டும், கம்பங்களைப் பயன்படுத்த வேண்டும். அந்தச் சாலை பொதுச் சொத்து. "எங்கள் நிலத்தைப் பயன்படுத்துகிறாய், பதிலுக்கு எங்களுக்கு என்ன தருவாய்?" என்று ஊர் கேட்கலாம்.

1984 சட்டப்படி, கேபிள் சேவையில் நிறுவனம் ஈட்டும் மொத்த வருமானத்தில் 5 விழுக்காடு வரை நகரம் கட்டணமாக வாங்கலாம். பொதுமக்கள், கல்வி, அரசாங்கம் என்ற மூன்று வகை ஒளிவழிகளையும் ஒதுக்கித் தரச் சொல்லலாம். கேட்பதும் விடுவதும் ஊரின் விருப்பம். கிடைத்த பணத்தை முழுவதும் டிவிக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் ஓர் ஊரில் நல்ல ஒளிப்பதிவுக் கூடம் இருக்கும், அடுத்த ஊரில் ஒன்றுமே இருக்காது.

மலேசியாவின் ஆஸ்ட்ரோவை யோசித்துப் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் சேவைக்குத் தெருவைத் தோண்டும் வேலை இல்லை. அங்கே இப்படி ஒரு பேரத்துக்கு இடமே இல்லை.

யார் எதைச் சொன்னாலும் காட்டணுமா?

சட்டப்படி, கேபிள் நிறுவனம் இந்த ஒளிவழிகளின் உள்ளடக்கத்தில் கைவைக்கக் கூடாது. ஆபாசம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. பல நிலையங்களில் வரிசைப்படி நேரம் ஒதுக்குவார்கள்.

இதனால் சிக்கலும் வந்தது. 1988இல் மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில், இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் நேரம் கேட்டது. அவர்களை மட்டும் தடுக்க முடியாது என்பதால் நகர மன்றம் அந்த ஒளிவழியையே மூடிவிட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல் நகரம் ஒளிவழியைத் திரும்பத் திறந்தது. வெறுப்புப் பேச்சைக் காட்டுவதா, எல்லாருடைய வாயையும் அடைப்பதா? எளிதான பதில் இல்லாத கேள்வி அது.

2019இல் இன்னொரு திருப்பம். மன்ஹாட்டனில் இந்த ஒளிவழிகளை நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பு, தன்னைக் குறைசொல்லும் படம் எடுத்தவர்களை இடைநீக்கம் செய்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த அமைப்பு அரசாங்கம் ஆகாது, எனவே பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பு விதி அதைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

யூடியூப் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. போனை நீட்டினால் யாரும் ஒளிபரப்பலாம். பல சமூக நிலையங்களே தங்கள் நிகழ்ச்சிகளை யூடியூபில் போடுகின்றன.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வாரமும் மூன்று மணி நேரக் கூட்டத்துக்குப் போய், ஒலி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, பதிவு செய்து, பல ஆண்டுகள் பத்திரப்படுத்துவது யார்? அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன. செய்தியாளர் யாரும் வராத கூட்ட அறையில், அந்த ஒரு கேமரா மட்டுமே இருக்கிற ஊர்களும் உண்டு.

அந்தக் கேமராவுக்கான பணம்தான் இப்போது குறைகிறது. மக்கள் கேபிளை நிறுத்திவிட்டு நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளுக்கு மாறுகிறார்கள். கேபிள் வருமானம் குறைந்தால் அந்த 5 விழுக்காடும் சுருங்கும். இணையவழிச் சேவைகளும் அதே கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று சில நகரங்கள் வழக்குத் தொடுத்தன, பெரும்பாலும் வெற்றி கிடைக்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

சிங்கப்பூரில் நாடாளுமன்ற அமர்வுகளை 2021 ஜனவரியிலிருந்து இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். முழு அமர்வையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நிமிடக் கிளிப்பில் வராதது எவ்வளவு இருக்கிறது என்று. கேள்விக்குப் பதில் வந்ததா, யார் சுற்றி வளைத்தார்கள் என்பதெல்லாம் முழுப் பதிவில்தான் தெரியும்.

ஒருநாள் நேரம் கிடைத்தால், ஏதாவது ஓர் அமெரிக்கச் சிறு நகரத்தின் மன்றக் கூட்டத்தை யூடியூபில் தேடிப் பாருங்கள். பொதுமக்கள் பேசும் பகுதிக்கு நேராகப் போங்கள். தெருவிளக்கைப் பற்றிக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று கவனியுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், அதுவும் பதிவில் இருக்கும்.